முதல் வால்வு
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷத்துக்கு மேல போகாதப்பா" என்று செயலாளர் முன்பே எச்சரித்துவிட்டார். அதனால் ஒரே ஒரு விஷயம். கிடார் ஆம்ப்ளிஃபையருக்குள் இருக்கும் கண்ணாடி வால்வு.

1975 முதல் 1978 வரை இங்கே பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவன் நான். எங்கள் ஆய்வகத்தில் டிரையோடு வால்வின் பண்புக் கோடுகள் வரைய வேண்டும். டிரான்சிஸ்டர் ரேடியோ டீக்கடை வரைக்கும் வந்துவிட்ட காலம். "செத்துப்போன சாமானுக்கு எதுக்கு சார் கிராஃப்?" என்று முணுமுணுத்தோம். பேராசிரியர் கோபப்படவில்லை. "ஒண்ணை மட்டும் மாத்து. மத்ததை அசையாம வை. அப்பத்தான் எது எதால வந்ததுன்னு தெரியும்" என்றார். தேர்வு முடிந்ததும் அதை மறந்துவிட்டேன்.

சில வருடங்களுக்கு முன் என் வகுப்புத் தோழன் போன் செய்தான். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வான், முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். கல்லூரி நாள் விழாவில் அவன் கிடார் வாசித்ததை நம் செட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். "கிடாரை வித்துடலாம்னு இருக்கேன்டா. விரல் போச்சு. மெதுவா தொட்டாலும் அழுத்தி அடிச்சாலும் ஒரே மாதிரிதான் கேக்குது" என்றான். குரலே சரியில்லை. மறுநாளே அவன் வீட்டுக்குப் போனேன்.

மகன் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த, கையால் கட்டிய ஆம்ப்ளிஃபையர். அதன் சுற்றைப் பார்த்ததும் பரம்பரை தெரிந்துவிட்டது. அமெரிக்காவில் ஃபெண்டர் கம்பெனி 1950களின் கடைசியில் பாஸ்மேன் என்றொரு ஆம்ப்ளிஃபையர் செய்தது. லண்டன் ஹான்வெல்லில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோர் 1962இல் ஏறக்குறைய அதே சுற்றை வைத்து ஜே.டி.எம்.45 செய்தார்கள். பாஸ்மேனில் முதல் வால்வு 12ஏஒய்7. மார்ஷலில் அந்த இடத்தில் ஈசிசி83. அமெரிக்கப் பெயர் 12ஏஎக்ஸ்7. ஸ்பீக்கர், டிரான்ஸ்ஃபார்மர் என்று வேறு வித்தியாசங்களும் உண்டு. ஆனால் இது சாக்கெட்டிலிருந்து கையால் பிடுங்கி மாற்றக்கூடிய வித்தியாசம்.

மாணவர்களுக்காக ஒரு விளக்கம். வால்வுக்குள் சூடான கேத்தோடிலிருந்து எலெக்ட்ரான்கள் பிளேட்டை நோக்கி ஓடுகின்றன. நடுவில் இருக்கும் கிரிட், வாய்க்கால் மடைப் பலகை மாதிரி. பலகையைக் கொஞ்சம் அசைத்தால் தண்ணீர் நிறைய மாறும். எவ்வளவு மாறும் என்பதைச் சொல்வதுதான் பெருக்கக் காரணி. 12ஏஎக்ஸ்7க்கு 100, 5751க்கு 70, 12ஏடி7க்கு 60, 12ஏஒய்7க்கு சுமார் 44, 12ஏயூ7க்கு 20க்கும் கீழே. எல்லாவற்றுக்கும் ஒன்பது பின். ஒன்றின் சாக்கெட்டில் மற்றொன்று உட்காரும்.

உட்காரும் என்பதால் ஒத்துப்போகும் என்று அர்த்தமில்லை. 12ஏஎக்ஸ்7 சுமார் 1 மில்லி ஆம்பியரில் சுகமாக வேலை செய்யும். 12ஏடி7 சுமார் 10 மில்லி ஆம்பியருக்காக வடிவமைத்தது. 12ஏஎக்ஸ்7க்காகப் போட்ட ரெசிஸ்டர்களோடு அதை வைத்தால் அது தன் வழக்கமான இடத்தில் நிற்காது. அதனால் எண்ணை மட்டும் பார்த்து ஒலியைத் தீர்மானிக்க முடியாது. காதும் வேண்டும்.

இவ்வளவு தெரிந்த நான் என்ன செய்தேன்? அதைச் சொல்ல இன்னும் வெட்கமாக இருக்கிறது. நல்ல விலை கொடுத்து மூன்று பழைய ஸ்டாக் 12ஏஎக்ஸ்7 வாங்கி, மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றினேன். இரைச்சல் கூடியது. ஏதோ ஒரு வால்வு மணி அடிப்பது போல 'ணங்'கென்று எதிரொலித்தது. எது என்று தெரியவில்லை. நண்பன் நாலு கம்பியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "விடுடா, மெஷின் மேல தப்பில்லை. எனக்குத்தான் வயசாச்சு" என்று கிடாரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டான்.

அன்று ராத்திரி பஸ்ஸில் வரும்போதுதான் அந்த ஆய்வகம் ஞாபகத்துக்கு வந்தது. ஒண்ணை மட்டும் மாத்து.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய மூன்று வால்வுகளையும் அதே இடங்களில் திருப்பி வைத்தேன். வால்யூம் குமிழை ஒரே இடத்தில் நிறுத்தி, ஒரே கிடார், ஒரே ராகம். முதல் வால்வை மட்டும் மாற்றினோம். இன்புட்டுக்குப் பக்கத்தில் இருப்பது அது. அது பெருக்கியதைத்தான் பின்னால் வருபவை எல்லாம் மேலும் பெருக்குகின்றன. அதன் இரைச்சலையும் சேர்த்து.

12ஏயூ7 போட்டோம். "உயிரே இல்லை" என்றான். 12ஏடி7 போட்டோம். சுத்தமாக இருந்தது, ஆனால் அவனுக்கு வறட்சியாகப் பட்டது. கடைசியில் 12ஏஒய்7. அந்தச் சுற்றில் 12ஏஎக்ஸ்7 ஏறக்குறைய 60 மடங்கு பெருக்கும். இது அதில் பாதியைவிடச் சற்றே கூடுதல்.

வால்யூமைக் குறைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். குறைத்துப் பார்த்தோம். அந்த வால்யூம் குமிழின் மேல் ஒரு சிறு கண்டென்சர் இருக்கிறது. குமிழ் கீழே இருக்கும்போது உயர்ந்த சுரங்களை மட்டும் அது குறுக்கு வழியில் தாண்டவிடும். அதனால் ஒலி மெலிந்து கூர்மை மட்டும் நிற்கும். குமிழை ஏற்றினாலோ அடுத்த கட்டங்கள் நிரம்பி வழிந்து, மெல்லத் தொட்டதும் ஓங்கி அடித்ததும் ஒன்றாக நசுங்கிவிடும். 12ஏஒய்7 வைத்தபோது குமிழை நடுவுக்கு மேல் தைரியமாக ஏற்ற முடிந்தது. ஒலியும் மெலியவில்லை, நசுங்கவும் இல்லை.

அவன் ஒரு கம்பியை மெல்ல வருடினான். பிறகு அதே கம்பியை அழுத்தி மீட்டினான். இரண்டும் இரண்டாகக் கேட்டன. மறுபடி செய்தான். மறுபடியும். பிறகு விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்ப விரல் போகலையா?" என்றான். "போகலைடா. நீ சொன்னது முழுசா வெளியே வரலை, அவ்வளவுதான்" என்றேன்.

12ஏஎக்ஸ்7 மட்டமான வால்வு என்று நான் சொல்லவில்லை. கத்தி அழும் ராக் வாத்தியத்துக்கு அதுதான் வேண்டும். என் நண்பனின் விரலுக்குத்தான் அது கூடுதல்.

செய்து பார்க்க நினைக்கும் தம்பிகளுக்கு இரண்டு வார்த்தை. மின்சாரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, வால்வை நேராக மேலே இழுங்கள். பின் பலகையைக் கழற்றி உள்ளே கை வைக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். முதல் இடத்துக்கு வரும் வால்வைப் பென்சிலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். மணி போல ஒலித்தால் அந்த இடத்துக்கு அது ஆகாது. ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளில் இன்றும் வால்வு செய்கிறார்கள். நாங்கள் செத்துப்போன சாமான் என்று சொன்னது சாகவில்லை.

எங்கள் பேராசிரியர் இன்று நம்மிடையே இல்லை. அவர் சொன்ன வரி எனக்குப் பயன்பட நாற்பது வருடத்துக்கு மேல் ஆனது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம்.

பத்து நிமிஷம் ஆகிவிட்டது. முன்வரிசைக்காரர் கிடாரை விற்கவில்லை. இன்று மாலை கலை நிகழ்ச்சியில் மூன்றாவதாக வாசிக்கிறார். இருந்து கேட்டுவிட்டுப் போங்கள்.