அனுப்புநர் முகவரி

(பள்ளி முடித்துக் கல்லூரிக்கு வந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கான கூட்டமொன்றில் மாணவி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



பள்ளிக்கூடத்தில் நான் என்ன கற்றேன், எப்படி வளர்ந்தேன் என்று பேசச் சொன்னார்கள். எனக்கு மேடை புதுசு. என்ன பேசுவதென்று தெரியாமல் நேற்று ராத்திரி மாற்றுச் சான்றிதழ் நகலை எடுத்துப் பார்த்தேன். இத்தனை வருசப் படிப்புக்கு நான் எப்படிப்பட்டவள் என்று அதில் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது. நடத்தை என்ற இடத்துக்கு எதிரே 'நன்று'. உங்களுடையதிலும் அதுதான் இருக்கும். அந்த 'நன்று'க்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்றுதான் பேசப்போகிறேன்.

ஆறாம் வகுப்புக்கு டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அங்கே நான் முதலில் கற்றது இங்கிலீஷும் இல்லை, கணக்கும் இல்லை. ஒளிந்துகொள்வதைக் கற்றுக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை முதல் நாளே கேட்டது, "எந்த ஊரு?" சொன்னேன். "ஊர்ல எங்க?" அந்த இரண்டாவது கேள்வி எதுக்கு என்று பத்து வயசுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். "ரோட்டோரம்" என்று சொல்லிவைத்தேன். எங்கள் காலனி முனையிலேயே பஸ் நிற்கும். நான் அங்கே ஏறமாட்டேன். ஒரு ஸ்டாப் நடந்துபோய் ஊருக்குள் ஏறுவேன். "கால் இருக்கா, கழண்டு போச்சா? எதுக்கு இந்த நடை?" என்று எங்கம்மா திட்டும். பதில் சொல்லமாட்டேன். வீட்டுக்கு யாரையும் கூப்பிட்டதில்லை, யார் வீட்டுக்கும் போனதில்லை. சண்டை போட்டதில்லை, சண்டை வந்தால் சாதி வெளியே வந்துவிடும். அதைத்தான் பள்ளிக்கூடம் 'நன்று' என்று எழுதிக் கொடுத்தது.

வருசத்துக்கு ஒரு நாள் இந்த ஒளிவு மறைவெல்லாம் உடையும். ஸ்காலர்ஷிப் பாரம் வரும். "எஸ்.சி. பிள்ளைங்கள்லாம் எழுந்து நில்லுங்க" என்பார்கள். எழுந்து நிற்கணும். மொத்த வகுப்பும் திரும்பிப் பார்க்கும். நமக்குச் சேரவேண்டிய பணத்தை இப்படி நிற்கவைத்துத்தான் கொடுப்பார்கள்.

இது என் ஒருத்தியின் கதை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கல்லூரிக்கு வந்தபிறகு இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட 'ஜீவிய சரித்திர சுருக்கம்' கையில் கிடைத்தது. சின்னப் புத்தகம்தான். கோயமுத்தூரில் அவர் படித்த கதை அதில் வருகிறது. சுமார் நானூறு மாணவர்களில் பத்துப் பேர் போக மற்றவர்களெல்லாம் பார்ப்பனர்கள். சிநேகம் வைத்தால் சாதியையும் இருப்பிடத்தையும் கேட்பார்கள் என்று பயந்து, மணி அடிக்கும்வரை வெளியிலேயே எங்கேயாவது படித்துக்கொண்டிருப்பாராம். பள்ளி விட்டதும் யாரும் கூடச் சேர்ந்துவிடாதபடி வேகமாக நடந்து வீடு போய்ச் சேருவாராம். படித்துவிட்டுக் கொஞ்சநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நூறு வருசத்துக்கும் மேலே முந்தி, அவரும் என்னை மாதிரி ஒரு ஸ்டாப் தள்ளி நடந்திருக்கிறார்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். எட்டாம் வகுப்பிலிருந்து, பாரத்துக்கு எழுந்து நின்ற பிள்ளைகளுக்கு இன்னொரு வேலையும் வந்தது. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் கக்கூஸ் கழுவணும். சாதி சொல்லிக் கூப்பிடவில்லை. "நீ வா, நீ வா" என்றுதான் கூப்பிட்டார்கள். வரிசையில் நின்று பார்த்தால் ஏழு பேரும் காலனிப் பிள்ளைகள். எங்கம்மாவிடம் சொன்னேன். அது நாற்று நட்டுவிட்டு வந்து குந்தியிருந்தது. "எது சொன்னாலும் செஞ்சிட்டுப் போ. படிப்ப மட்டும் விட்றாத" என்றது. அந்தப் பேச்சில் கோழைத்தனம் இல்லை தோழர்களே. எங்கம்மாவுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

ஒன்பதாம் வகுப்பில் தமிழில் கடிதம் எழுதும் பாடம் வந்தது. எல்லோரும் படித்திருப்பீர்கள். இடப்பக்கம் அனுப்புநர், அதன் கீழே பெறுநர், ஐயா, பொருள், இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள. தெருவிளக்கு கேட்டு மின்வாரியத்துக்கு, குடிநீர் கேட்டு ஊராட்சிக்கு. பரீட்சையில் சொந்தப் பெயரும் ஊரும் எழுதக்கூடாது. அ, ஆ, இ என்றுதான் போடணும். என் மாதிரிப் பிள்ளைக்கு அது வசதி. முகவரி இல்லாமலே முழு மார்க் வாங்கலாம்.

வீட்டுப்பாடமாக ஒரு கடிதம் எழுதிவரச் சொன்னார்கள். எனக்கு என்ன தோன்றியதோ, பொருள் என்ற இடத்தில் 'பள்ளிக் கழிப்பறையை மாணவிகளைக் கொண்டு சுத்தம் செய்வதை நிறுத்த வேண்டுதல்' என்று எழுதினேன். பெறுநர், மாவட்ட ஆட்சியர். அனுப்புநர் இடத்தில் கை நின்றுவிட்டது. யாருடைய குறை என்று சொல்லாமல் மனு கொடுக்க முடியாது. முதல்முறையாக என் பெயர், அப்பா பெயர், காலனி, ஊர் எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன்.

எங்கள் தமிழ் டீச்சர் நம்ம ஆள் இல்லை. நோட்டை ரொம்ப நேரம் பார்த்தார். "இது மார்க்குக்கு எழுதுனதா, நெசத்துக்கு எழுதுனதா?" என்றார். நான் பேசவில்லை. அனுப்புனர் என்று எழுதியிருந்ததைச் சிவப்பு மையால் அனுப்புநர் என்று திருத்தினார். விட்டுப்போன ஒற்று இரண்டைப் போட்டார். "நல்லா எழுதியிருக்க. தேதி போட மறந்துட்ட" என்று நோட்டைக் கையில் கொடுத்தார். அவ்வளவுதான். அதற்குமேல் அவர் எங்களோடு வரவில்லை. ஆனால் அந்தத் திருத்தத்தை நான் மறக்கமாட்டேன்.

தனியாகக் கொடுத்தால் என்னை மட்டும் பிடிப்பார்கள் என்று ஏழு பேரும் கையெழுத்துப் போட்டோம். மூன்று அம்மாக்கள் கைநாட்டு வைத்தார்கள். ஒரு திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில், எங்கம்மா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்தது. மனு எண் போட்ட சீட்டை ரவிக்கைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டது.

பத்து நாளில் விசாரணை வந்தது. வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, "கக்கூஸ் கழுவ வச்சாங்களா?" என்பதில்லை. "யாரு எழுதிக் குடுத்தது?" என்பதுதான். எந்தக் கட்சி, எந்த அமைப்பு என்று திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். நாங்களே எழுதினோம் என்பதை அவர்களால் நம்ப முடியவில்லை. அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது. எழுதச் சொல்லிக் கொடுத்ததே பள்ளிக்கூடம்தான். ஆனால் அதை நாம் நெசத்துக்கு எழுதுவோம் என்று அந்தப் பள்ளிக்கூடம் எதிர்பார்க்கவில்லை.

கழுவுகிற வேலை நின்றது. இதோடு முடித்தால் நீங்கள் கைதட்டுவீர்கள். ஆனால் முடியவில்லை. அடுத்த மாதம் துப்புரவுக்கென்று ஆள் போட்டார்கள். வந்தது யார் தெரியுமா? எங்கள் தெரு சின்னம்மா. துடைப்பம் என் கையிலிருந்து சின்னம்மா கைக்குப் போச்சு. சாதியைவிட்டு வெளியே போகவில்லை. சம்பளமும் மாசா மாசம் வராது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேனே, அந்தச் சின்னம்மா முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. என் இரண்டாவது மனு அதன் சம்பளப் பாக்கிக்காக எழுதியது. பாதிப் பணம்தான் வந்தது.

என் வளர்ச்சி என்று ஒன்று இருந்தால் அது இதுதான். நான் மட்டும் தப்பித்துக்கொள்வது விடுதலை இல்லை என்று சின்னம்மா கையிலிருந்த துடைப்பத்தைப் பார்த்துத்தான் கற்றேன்.

மணி அடிக்கும்வரை வெளியே நின்ற அந்த இரட்டைமலை சீனிவாசன்தான் 1893இல் பத்திரிகை தொடங்கி அதற்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தார். சிவில் சர்வீஸ் பரீட்சையை இந்தியாவிலும் நடத்தினால் ஆதிக்க சாதியினரே அதிகாரிகளாக வந்து உட்காருவார்கள் என்று, அதே ஆண்டு 3412 கையெழுத்தோடு பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். 1942இல் அண்ணல் அம்பேத்கர் நம் மக்களின் குறைகளைத் தொகுத்து வைஸ்ராயிடம் மனு கொடுத்தார். அதில் கல்விக்கான கோரிக்கைகளும் இருந்தன. 1944இல் கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகைத் திட்டம் வந்தது. இன்றைக்கு இங்கே உட்கார்ந்திருக்கிற பலர் அந்தப் பணத்தில்தான் படிக்கிறோம். அது யாரும் இரக்கப்பட்டுப் போட்ட பிச்சை இல்லை, கேட்டு வாங்கியது.

எழுதினால் ஆபத்தில்லை என்று நான் சொல்லமாட்டேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், தன்னைத் துன்புறுத்திய மாணவர்கள் மேல் புகார் சொன்ன பையனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கையும் வெட்டுப்பட்டாள். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்களைச் சாதி சொல்லி அழைக்கக்கூடாது என்பதும் அதன் பரிந்துரைகளில் ஒன்று. பரிந்துரை தாளில் இருக்கிறது. அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக ஆள் வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், தனியாக எழுதாதீர்கள். ஏழு பேர் எழுதுங்கள், அம்மாக்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள், மனு எண் வாங்காமல் திரும்பாதீர்கள்.

'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது, போகட்டும். ஆனால் சொல் போனபிறகும் "ஊர்ல எங்க?" என்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். அதற்குக் கூசாமல் பதில் சொல்ல நம் பிள்ளைகளைப் பழக்கணும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். லீவுக்கு ஊருக்குப் போகும்போது தெருவில் படிக்கிற பிள்ளைகளை ஒரு சாயங்காலம் உட்காரவையுங்கள். அ, ஆ, இ வேண்டாம். சொந்தப் பெயரும் சொந்தத் தெருவும் போட்டு, அவர்களுடைய குறையை அவர்களே ஒரு கடிதமாக எழுதச் சொல்லுங்கள். அனுப்புநர் இடத்தில் கை நிற்கும். அவசரப்படுத்தாதீர்கள். எழுதும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.

ஜெய்பீம்.