கொடியில் காயட்டும்

மாதவிடாய் நாட்களில் மாணவிகளைப் பள்ளிக்கு வரத் தயங்கவைப்பவற்றில் ஒன்று, கறை பட்டுவிடுமோ என்ற பயம். கேரள அரசு 2017-இல் 'ஷீ பேட்' திட்டத்தில் பள்ளி மாணவிகளுக்கு இலவச நாப்கின் தரத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் பயன்படுத்திய நாப்கினை அள்ளிப்போக, கேரளத்தின் மறையூர் மலைக்குடிகளுக்குக் குப்பை வண்டி ஏறுமா? அங்கே ஆரோவில்லின் ஈக்கோஃபெம் நிறுவனம் 2010 முதல் தயாரிப்பதுபோன்ற துணி நாப்கினே பொருந்தும். சில மடிப்புப் பருத்தித் துணி, அடியில் கசியாத ஓர் அடுக்கு, உள்ளாடையைச் சுற்றி மாட்ட இரண்டு இறக்கை, ஒரு பிரஸ் பட்டன். தையல் தெரிந்த கை கற்றுக்கொள்ள அதிக நாள் ஆகாது.

துவைத்துக் காயவைப்பது சிரமம் என்பார்கள். அருகிலுள்ள மூணாறு நனைந்துகிடந்தாலும் மறையூர் மழைமறைவுப் பகுதி, வெயிலுக்குப் பஞ்சமில்லை. கூச்சத்தில் புடவைக்கு அடியில் ஒளித்துக் காயப்போட்டு, ஈரம் போகாமலே எடுத்து அணிவதுதான் ஆபத்து. நேபாள மாணவிகளுக்கு மாதவிடாய்க் கப் கொடுத்துப் பார்த்து 2011-இல் வெளியான ஆய்வில் பள்ளி வருகை கூடவில்லையே என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. பொருளை மட்டும் கொடுத்தால் போதாது என்றே அதை நான் புரிந்துகொள்கிறேன். பள்ளிக் கழிப்பறையில் தண்ணீரும், கதவில் தாழ்ப்பாளும், நனைந்த துணியை மடித்து வைக்க ஒரு சிறு பையும் இருந்தால்தான் இடைவேளையில் மாற்றிக்கொண்டு அடுத்த கணக்கு வகுப்பில் மாணவி நிம்மதியாக உட்கார முடியும்.