இறுதி என்பது யார் இட்ட பெயர்?



மேலைச் செவ்வியல் இசையில் தனிப் பியானோ நிகழ்ச்சி என்றொரு மரபு உண்டு. பாடுவோர் இல்லை, பக்கவாத்தியம் இல்லை, பொருள் உணர்த்தச் சொல்லும் இல்லை. ஒரு கருவியும் ஒரு கலைஞரும் மட்டுமே மேடையில் இருப்பர். பெரும் இசைப் படைப்பாளர்களின் பிற்காலப் படைப்புகளை மட்டும் ஒரே மாலையில் வாசித்தல் இம்மரபில் தனிச்சிறப்புடையது. பீத்தோவனின் இறுதி மூன்று சொனாட்டாக்கள் ஒரு மணி நேரத்தைச் சற்றே கடக்கும். ஷூபர்ட்டின் இறுதி மூன்றும் இரண்டு மணி நேரத்தை நெருங்கும்.

இவற்றைக் கேட்கச் செல்வோர் பலர், இவை விடைபெறும் குரல்கள் என்னும் முன்முடிவோடு செல்கின்றனர். அம்முடிவு பொருந்துமா என்பதே என் வினா.

பீத்தோவன் 1820 முதல் 1822 வரை அம்மூன்றினையும் இயற்றினார். செவிப்புலனைப் பெரிதும் இழந்திருந்த காலம் அது. ஓபஸ் 110இன் நிறைவுப் பகுதியில் ஓர் இரங்கற்பாட்டு எழுகிறது. அதனைத் தொடர்ந்து, ஒரே இசைத்தொடரைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாய் ஏற்றுப் பின்னும் ஃபியூக் வருகிறது. இரங்கற்பாட்டு மீண்டும், மூச்சுத் திணறுவதுபோல் துண்டுபட்டு ஒலிக்கிறது. பின்னர் அதே ஃபியூக் தலைகீழாக்கப்பெற்றுத் தொடங்கி, படிப்படியாக வலிமை பெற்று உயர்கிறது. இது அடங்கும் குரலன்று, மீண்டெழும் குரல். இறுதிச் சொனாட்டாவான ஓபஸ் 111க்குப் பின்னரும் அவர் ஐந்தாண்டுகள் வாழ்ந்தார். ஒன்பதாம் சிம்பொனி அரங்கேறியது 1824இல்தான்.

ஷூபர்ட்டின் நிலை வேறு. அவருடைய இறுதிச் சொனாட்டா 1828 செப்டம்பரில் நிறைவுற்றது; அவ்வாண்டு நவம்பர் 19இல், 31ஆம் வயதில் அவர் மறைந்தார். நோயின் நிழல் சில ஆண்டுகளாகவே அவர்மீது படிந்திருந்தது உண்மை. அச்சொனாட்டாவின் அமைதியான தொடக்க மெட்டின் அடியில், தாழ்ந்த சுரத்தில் ஓர் அதிர்வு முணுமுணுக்கிறது. அதனை மரணத்தின் காலடி என்று கேட்பது எளிது. ஆனால் அதே நவம்பர்த் தொடக்கத்தில் அவர் சைமன் செக்டர் என்னும் ஆசிரியரிடம், பல குரல்களை இணைக்கும் இலக்கணத்தைப் பயிலச் சென்றார் என்பதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும். பாடம் கேட்கச் செல்பவர் முடிவுரை எழுதியவராக இருக்க இயலாது.

பிராம்ஸ் 1890இல் இசை இயற்றுவதையே நிறுத்த எண்ணியவர். எனினும் 1892, 1893 ஆகிய ஆண்டுகளில் அவருடைய 20 சிறு பியானோ படைப்புகள் வெளிவந்தன.

ஆகவே, இறுதி என்பது பின்வந்தோர் இட்ட பெயர். மறைந்த நாள் நமக்குத் தெரியும். படைத்தபோது அவர்களுக்குத் தெரியாது. ஒரு கவிஞரின் கடைசிக் கவிதைகளில் மரணக் குறிப்பையே தேடும் வழக்கம் இலக்கியத் திறனாய்விலும் உண்டு. அத்தேடலில், அவர் புதிதாகக் கற்க முனைந்தது நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. அத்தகைய இசையைக் கேட்கும்போது, ஆண்டுகளைச் சற்றே மறந்து, அடுத்த படைப்புக்கு ஆயத்தமாகும் ஒருவரின் குரலாக அதனைக் கேட்டுப் பாருங்கள். கவிதைகளையும் அவ்வாறே படிப்போம்.