பல்கலை நகரில் ஒரு பகல்
(ஆண்டுப் பொதுக்குழுவில் நிர்வாகக் குழு சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



கம்பத்திலிருந்து மதுரைக்குப் பேருந்தில் செல்லும் நாம், ஆண்டிபட்டிக் கணவாய், உசிலம்பட்டி, செக்கானூரணி கடந்ததும் சாலையோரம் ஒரு பெரிய வாயிலைக் காண்கிறோம். மருத்துவமனைக்கும் ஜவுளிக்கடைக்கும் செல்லுகையில் எத்தனையோ முறை அதனைக் கடந்திருக்கிறோம், உள்ளே நுழைந்ததில்லை. உத்தமபாளையத்தில் 1956ல் எழுந்த ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரியில் பயின்ற நம் பிள்ளைகளின் பட்டச் சான்றிதழில் இருப்பது அப்பல்கலைக்கழகத்தின் முத்திரையே. ஆயினும் அவ்விடத்தை நாம் பார்த்ததில்லை. ஆகவே, இறுதியாண்டு மாணவ மாணவியர் அறுவருடனும் அவர்தம் பெற்றோருடனும் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் சென்று வந்தோம்.

1966ல் மதுரைப் பல்கலைக்கழகமாகத் தோன்றி, 1978ல் பெருந்தலைவரின் பெயரைப் பெற்றது அது. தமிழறிஞர் தெ.பொ.மீனாட்சிசுந்தரனார் அதன் முதல் துணைவேந்தர். நாகமலையை அடுத்துப் பரந்து கிடக்கும் அவ்வளாகத்தில், ஒரு துறையிலிருந்து மறு துறைக்கு நடந்தே எங்கள் கால்கள் ஓய்ந்தன. நூலகத்தில் அடுக்கடுக்காய் நின்ற நூல்களுக்கிடையே, முக்காடிட்ட மாணவியர் சிலரும் அமர்ந்து குறிப்பெடுத்துக் கொண்டிருந்தனர்.

எங்களுடன் வந்த திராட்சை வியாபாரி ஒருவர் அதனை நெடுநேரம் பார்த்து நின்றார். மகளின் படிப்பைப் பட்டத்துடன் நிறுத்திவிட எண்ணியிருந்தவர் அவர். பெண்கள் விடுதியைப் பற்றியும், உணவு, மாலை வாயிலடைக்கும் நேரம் பற்றியும் தாமே விசாரித்தார். திரும்பும் வழியில் உசிலம்பட்டி வரை ஏதும் பேசவில்லை. பின்னர், "விண்ணப்பத்திற்குக் கடைசி நாள் எது?" என்று கேட்டார். தம் அத்தாவின் வாயிலிருந்து அக்கேள்வி வந்தபோது அப்பெண்ணின் முகம் மலர்ந்ததைக் கண்டோம்.

ஆனால், அவர் விரும்பிய பாடத்திற்குக் கடைசி நாள் கடந்து எட்டு நாட்கள் ஆகியிருந்தன.

இக்குறை எங்களுடையது. பயணத்தை முன்னரே அமைத்திருக்க வேண்டும். அப்பெண் இன்று அடுத்த ஆண்டை எதிர்நோக்கி வீட்டிலிருக்கிறார். அதுவரை அவர் அத்தாவின் மனம் மாறாதிருக்க நாம்தான் துணை நிற்க வேண்டும்.

ஆதலின், இனி ஆண்டுதோறும் ஜனவரியிலேயே இப்பயணம் நடைபெறும். விண்ணப்பக் கட்டணத்தை ஜமாஅத் கல்வி நிதி ஏற்கும். இறுதியாண்டில் பயிலும் பிள்ளைகளின் பெயர்களை இம்மாதத்திற்குள் அலுவலகத்தில் பதிவு செய்யுமாறு அன்புடன் வேண்டுகிறோம்.