மெத்தைமேல் சூரிய மின்சாரம்
(விருத்தாசலத்தில் நமது சங்க மாதக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)

 

நம்மவர் சிலர் கடன் வாங்கி மெத்தையில் சூரியத் தகடு அமைக்க உத்தேசித்திருப்பதால், இவ்விஷயமாய்ப் பேசும்படி காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். யான் மின்சார சாஸ்திரம் கற்றவனல்லேன். என் வீட்டில் 3 கிலோவாட் தகடுகள் உண்டு, அவ்வளவே.

நமது பக்கத்தில் 1 கிலோவாட் தகடு சராசரி நாளொன்றுக்கு 4 யூனிட் தருமென்பது பொதுக் கணக்கு. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் குறையும். அக்கினி நட்சத்திரத்தில் மிகுதியாய் விளையுமென்று பலர் எண்ணுகின்றனர்; அது பிசகு. தகட்டுக்கு வேண்டியது வெளிச்சமேயன்றி வெப்பமன்று. அதன் சூடு 25 டிகிரிக்கு மேல் ஏற ஏற, டிகிரிக்கு நூற்றில் ஏறக்குறைய 0.4 பங்கு விளைவு குன்றும்.

என் வீட்டில் நேர்ந்ததையும் மறைக்காமல் சொல்லுகிறேன். அமைத்தவர் தண்ணீர்த் தொட்டிக்கு அருகே தகடுகளை வைத்துவிட்டார். பிற்பகலில் ஒரு தகட்டின்மேல் நிழல் விழ, அதனோடு வரிசையாய்ப் பிணைத்தவற்றின் விளைவும் சுருங்கிற்று. முதல் பில்லைக் கண்டு என் மனைவி, "இதற்கா நகையை வைத்தோம்?" என்று கேட்டதற்கு என்னிடம் விடையில்லை. தகடுகளை இடம் மாற்றிய பிறகே கணக்கு நேராயிற்று. பீங்கான் கூடங்களை அடுத்து வசிப்போர் மண்தூசியையும் கவனிக்கவேண்டும். விடியற்காலையில், தகடு சூடேறுமுன், வெறுந்தண்ணீரால் கழுவினால் போதும்.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதம மந்திரியின் சூர்ய கர் திட்டத்தில், 3 கிலோவாட் வீட்டு அமைப்புக்கு ரூ.78,000 மானியம் உண்டு. ஆனால் வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் இலவசமாய்க் கிடைத்து வருகிறதல்லவா? அதற்குள்ளேயே அடங்கும் சிறு குடும்பத்தார் இதற்காகக் கடன்படுவது வீண். விகிதம் படிப்படியாய் ஏறுவதால், மிகுதியாய்ச் செலவழிப்போருக்கே லாபம்.

கடைக்காரர் நிலை வேறு. 2021-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவுப்படி, வீட்டாருக்கு வாங்கிய யூனிட்டில் கொடுத்த யூனிட் கழிக்கப்படும். வியாபார ஸ்தலத்தாருக்கோ மிச்சத்திற்குக் குறைந்த விலையே. ஆகையால் பகலில் தாமே செலவழிக்கும் அளவுக்கு மட்டும் அவர்கள் அமைத்தல் நலம்.

இன்னொன்று. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் நமது ஜில்லாவைத் தாக்கியபின் இருளில் கிடந்தோமே, அத்தகைய காலத்தில் இது உதவுமா? உதவாது. கம்பியில் மின்சாரம் நின்றால், பழுது பார்க்கும் தொழிலாளியின் உயிரைக் காக்கும்பொருட்டு இன்வெர்ட்டரும் தானே நின்றுவிடும். பாட்டரி தனியே வேண்டும். அதற்குச் செலவும் தனி.

எண்ணமுள்ளவர்கள் கடந்த ஓராண்டின் ஆறு பில்களையும் எடுத்துக்கொண்டு, ஞாயிறு மாலை சங்கக் கட்டடத்திற்கு வருவார்களாயின், உடனிருந்து கணக்குப் பார்க்கச் சித்தமாயிருக்கிறேன்.