வீட்டில் சொல்லாத சிம்சோன்



நமது சபையின் ஆண்டு நிறைவு ஆராதனையில் நான் பேசியதை இம்மலருக்காக எழுதித் தரும்படி கேட்டார்கள். அன்று முன்வரிசையில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்குப் பேசியதையே பெரியவர்களும் கேட்டார்கள். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

பிள்ளைகளே, சிம்சோன் என்றவுடன் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? நீண்ட தலைமயிர், தெலீலாள், இடிந்து விழுந்த தூண்கள். இவையெல்லாம் நியாயாதிபதிகள் புத்தகத்தின் 16ஆம் அதிகாரத்தில் உள்ளவை, கதையின் முடிவு. நாம் இன்று 13ஆம், 14ஆம் அதிகாரங்களை மட்டும் பார்ப்போம். ஒரு மனிதன் விழுந்த இடத்தை எல்லாரும் பார்க்கிறார்கள். அவன் சறுக்கத் தொடங்கிய இடத்தைப் பார்ப்பதே நமக்குப் பிரயோசனம்.

எல்லாவற்றையும் சொன்ன தாய்

இஸ்ரவேலர் 40 வருடம் பெலிஸ்தருடைய கைக்குள் இருந்த காலம். சோரா என்ற ஊரில் தாண் கோத்திரத்தைச் சேர்ந்த மனோவா வாழ்ந்தான். அவனுக்குப் பிள்ளையில்லை. ஒருநாள் கர்த்தருடைய தூதன் அவனுடைய மனைவிக்குத் தோன்றி, அவள் ஒரு குமாரனைப் பெறுவாள் என்றும், அவன் கர்ப்பத்திலிருந்தே தேவனுக்கென்று நசரேயனாய் இருப்பான் என்றும் அறிவித்தார். நசரேயருக்கு என்ன ஒழுங்கு என்று எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம்: திராட்சச் செடியிலிருந்து வரும் எதையும் தொடக்கூடாது, தலைமயிரைச் சிரைக்கக்கூடாது, பிரேதத்தின் அருகே போகக்கூடாது. தாய்க்கும் ஒரு கட்டளை இருந்தது. திராட்சரசம் குடியாமலும் தீட்டானது ஒன்றையும் சாப்பிடாமலும் அவள் எச்சரிக்கையாய் இருக்க வேண்டும்.

அந்தத் தாயின் பெயரை வேதாகமம் சொல்லவில்லை. அவள் செய்ததைச் சொல்கிறது. தூதன் பேசியவுடன் கணவனிடம் போய் நடந்ததைச் சொன்னாள். தூதன் எங்கிருந்து வந்தார் என்று தான் கேட்கவில்லை என்பதைக்கூட மறைக்கவில்லை. இரண்டாம் முறை வயல்வெளியில் தூதன் வந்தபோது தீவிரமாய் ஓடிப்போய்ச் சொன்னாள்.

மனோவாவும் நல்ல தகப்பன். “உனக்கு ஏதோ தோன்றியிருக்கிறது” என்று மனைவியைத் தட்டிக் கழிக்கவில்லை. பிறக்கப்போகும் பிள்ளையை எப்படி வளர்க்க வேண்டும் என்று தங்களுக்குக் கற்பிக்கும்படி ஜெபித்தான். அவள் ஓடிவந்து கூப்பிட்டதும் எழுந்து அவள் பின்னே போனான். பின்பு, தேவனைக் கண்டதால் சாகப்போகிறோம் என்று அவன் பயந்தபோது, அவள் நிதானமாய் விளக்கி அவனைத் தேற்றினாள். ஒருவரோடொருவர் மனம் திறந்து கதைக்கிற வீடு அது. அந்த வீட்டில்தான் சிம்சோன் பிறந்து வளர்ந்தான். கர்த்தர் அவனை ஆசீர்வதித்தார்.

ஒன்றும் சொல்லாத மகன்

14ஆம் அதிகாரத்தில் சிம்சோன் வாலிபன். சோரா மலைப்பாங்கான இடம். கீழே சோரேக் பள்ளத்தாக்கில் பெலிஸ்தருடைய ஊராகிய திம்னாத் இருந்தது. அங்கே ஒரு பெண்ணைக் கண்டு, வீட்டுக்கு வந்து அவளைத் தனக்குக் கட்டித்தரும்படி கேட்டான். “கேட்டான்” என்பதைவிட உத்தரவிட்டான் என்பது பொருந்தும். நம்முடைய ஜனத்தில் பெண் இல்லையா என்று தாயும் தகப்பனும் கேட்டதற்கு, அவள்தான் தன் கண்ணுக்குப் பிரியமானவள் என்று மட்டும் பதில் சொன்னான்.

பிள்ளைகளே, இந்த அதிகாரத்தை வீட்டில் வாசிக்கும்போது ஒரு பென்சிலை எடுத்து வைத்திருங்கள். சிம்சோன் தன் தாய் தகப்பனுக்குச் சொல்லவில்லை என்ற செய்தி மூன்று இடங்களில் வருகிறது: 6ஆம், 9ஆம், 16ஆம் வசனங்கள். அவற்றைக் கோடிடுங்கள். இந்த மூன்று கோடுகளிலும் மூன்று பாடங்கள் இருக்கின்றன.

முதலாவது, சிங்கம்

திம்னாத்தின் திராட்சத்தோட்டங்களுக்கு அருகே ஒரு பாலசிங்கம் கெர்ச்சித்து அவனுக்கு எதிராக வந்தது. நமது மல்வேர்னிலிருந்து சிறிது தூரத்திலிருக்கும் டொரண்டோ மிருகக்காட்சிச்சாலையில் சிங்கத்தைப் பார்த்திருப்பீர்கள். நடுவே வேலி இருந்தும் அது வாயைத் திறந்தால் நாம் ஓரடி பின்னுக்கு வைக்கிறோம். சிம்சோனுக்கு வேலியும் இல்லை, கையில் ஆயுதமும் இல்லை. கர்த்தருடைய ஆவி அவன்மேல் இறங்கியதால் அவன் சிங்கத்தைக் கிழித்துப் போட்டான்.

சோராவுக்கு எதிர்ப்பக்கத்திலுள்ள பெத்ஷிமேசில் அகழாய்வு செய்தவர்கள், 2012இல் ஓர் அங்குலத்துக்கும் குறைவான ஒரு கல் முத்திரையைப் பற்றி அறிவித்தார்கள். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்த முத்திரையில் ஒரு மனித உருவமும், நீண்ட வாலுள்ள சிங்கம் போன்ற ஒரு மிருகமும் இருக்கின்றன. அது சிம்சோன்தான் என்று தோண்டியெடுத்தவர்கள் சொல்லவில்லை. மனிதன் சிங்கத்தை எதிர்கொண்ட கதை அந்தப் பள்ளத்தாக்கில் சாதாரணமாய் மறந்துபோகிற கதையல்ல என்பது மட்டும் நமக்கு விளங்குகிறது.

அப்படிப்பட்ட காரியத்தை அவன் வீட்டில் சொல்லவில்லை. கவனியுங்கள், முதலாவது மறைத்தது ஒரு பாவத்தை அல்ல. தேவன் தந்த வெற்றியையே. ஏன் சொல்லவில்லை என்று வேதாகமம் கூறவில்லை. ஆனால் சொல்லாமல் இருக்கும் பழக்கம் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது, கெட்டதை மறைப்பதில் அல்ல. “பள்ளிக்கூடம் எப்படி?” “ஓகே.” “இன்று என்ன நடந்தது?” “ஒன்றுமில்லை.” நல்லதைச் சொல்லிப் பழகாத வாய், கெட்டது வரும்போது எப்படித் திறக்கும்?

இரண்டாவது, தேன்

சில நாட்களுக்குப் பின்பு செத்த சிங்கத்தைப் பார்க்க வழிவிலகிப் போனான். அதன் உடலுக்குள் தேனீக்கள் கூடு கட்டியிருந்தன. தேனைக் கையில் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே நடந்தான். தாய் தகப்பனுக்கும் கொடுத்தான். எங்கிருந்து எடுத்தான் என்பதைச் சொல்லவில்லை.

இப்போது மறைத்தது வேறு வகையானது. அப்படிப்பட்ட மிருகத்தின் செத்த உடல் தீட்டு என்று லேவியராகமம் 11ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. இந்த மகன் வயிற்றில் இருக்கிறான் என்பதற்காகத் தீட்டான எதையும் உண்ணாமல் தன் வாயைக் காத்த தாய் அவள். அவளுடைய கையிலேயே அந்தத் தேனை வைத்தான். அவள் சந்தோஷமாய்ச் சாப்பிட்டிருப்பாள். இனிப்பான பொருளாயிற்றே! பிள்ளைகளே, நீங்கள் மறைப்பது உங்களோடு நிற்பதில்லை. ஒன்றும் அறியாமல் உங்களை நம்புகிறவர்களுடைய கைக்கும் அது போகிறது.

மூன்றாவது, விடுகதை

திம்னாத்தில் ஏழு நாள் விருந்து. முப்பது தோழர்கள். அங்கே சிம்சோன் அந்தச் சிங்கத்தையும் தேனையும் வைத்து ஒரு விடுகதை போட்டான். பந்தயம் முப்பது சட்டைகளும் முப்பது மாற்று வஸ்திரங்களும். வீட்டில் சொல்லாதது வெளியே பந்தயப் பொருளாயிற்று. விடையைப் பெற்றுத் தராவிட்டால் வீட்டோடு எரித்துவிடுவோம் என்று அவர்கள் அவனுடைய மனைவியை மிரட்டினார்கள். அவள் அழுது கேட்டபோது, தாய் தகப்பனுக்கே சொல்லவில்லை, உனக்குச் சொல்வேனோ என்றான். ஏழாம் நாள் சொல்லிவிட்டான். முடிவில் பந்தயம் தோற்று, அஸ்கலோனில் முப்பது பேர் இறந்தார்கள்.

பல வருடங்களுக்குப் பின்பு தெலீலாளிடம் தன் இருதயம் முழுவதையும் திறந்தான். அவளோ அதைப் பணத்துக்கு விற்றாள். மனிதனுடைய இருதயம் எங்காவது திறந்தே தீரும். நேசிக்கிறவர்களிடம் திறவாவிட்டால் விலைபேசுகிறவர்களிடம் திறக்கும். மல்வேர்னில் நீண்டகாலம் வாழ்ந்தவர்களுக்கு இதற்கு உதாரணம் தேவையில்லை. 1990களில் டொரண்டோவில் நமது இளைஞர் சிலர் குழுக்களாய்ப் பிரிந்து மோதினார்கள். மகன் யாரோடு திரிகிறான் என்பதைப் பொலிசார் வீட்டுக் கதவைத் தட்டியபோதே அறிந்த பெற்றோர் இருந்தார்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பிள்ளைகளுக்கு மட்டும் புத்தி சொல்லி முடித்தால் நான் உண்மையாய்ப் பேசியவனாக மாட்டேன். என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நான் இரவில் தொழிற்சாலையில் வேலை, மனைவி பகலில் வேலை. மகள் ஆறாம் வகுப்பு. ஒருநாள் காலையில் ஆசிரியை கொடுத்த கடிதத்தைக் கொண்டுவந்தாள். எனக்கு ஆங்கிலம் போதாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். “சுற்றுலா போகிறார்களாம் அப்பா, கையெழுத்துப் போடுங்கோ” என்றாள். போட்டுவிட்டு நித்திரைக்குப் போனேன்.

இருபது வருடங்களுக்குப் பிறகு, அவளே ஒரு தாயான பின்பு, உண்மையைச் சொன்னாள். அவளுடைய பேச்சைப் பிள்ளைகள் கேலி செய்ததால் அவள் மதிய உணவைத் தனியே கழிவறையில் இருந்து சாப்பிட்டிருக்கிறாள். பெற்றோரை வந்து சந்திக்கும்படி ஆசிரியை எழுதிய கடிதம் அது. “ஏன் பிள்ளை சொல்லவில்லை?” என்றேன். “நீங்கள் நித்திரையில்லாமல் வந்து நின்றீர்கள் அப்பா. இதையும் எப்படிச் சொல்வது?” என்றாள்.

அவள் மறைத்தது குற்றத்தை அல்ல, தன் கண்ணீரை. அதற்கு நான் கையெழுத்தும் வைத்தேன்! பிள்ளை சொல்லவில்லை என்று நாம் குறைப்படுகிறோம். சொல்ல அதற்கு ஒரு நேரம் கொடுத்தோமா? மனோவா பிள்ளை பிறக்குமுன் வளர்ப்பைப் பற்றி ஜெபித்தான், கூப்பிட்ட குரலுக்கு எழுந்து போனான். நாமும் பிள்ளை கூப்பிடும்போது கைத்தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போவோம். அது தமிழும் ஆங்கிலமும் கலந்து சொன்னால் மொழியைத் திருத்தாமல் முதலில் முழுவதையும் கேட்போம். கேட்டவுடன் ஏசாதிருப்போம்.

பிள்ளைகளே, சிலவற்றை வீட்டில் சொல்லப் பயமாயிருந்தால் உங்கள் ஞாயிறு பாடசாலை ஆசிரியரிடமோ போதகரிடமோ சொல்லுங்கள். கிட்ஸ் ஹெல்ப் போன் சேவையும் இந்த நாட்டில் இரவும் பகலும் உங்களுக்காக இருக்கிறது. தனியே சுமக்க வேண்டாம்.

வீடு திரும்பியவன்

கடைசி அதிகாரத்தைத் தொடமாட்டேன் என்று தொடங்கினேன். அதன் கடைசி வசனத்தை மட்டும் தொடுகிறேன். சிம்சோன் இறந்தபின் அவனுடைய சகோதரரும் தகப்பன் வீட்டாரும் போய் அவனை எடுத்துவந்து, சோராவுக்கும் எஸ்தாவோலுக்கும் நடுவே மனோவாவின் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். பேசாதிருந்த மகனுக்கும் தகப்பனுக்கு அருகில் இடம் இருந்தது. தேவனும் அவனைத் தள்ளவில்லை. தன் பெலன் போன நிலையில் அவன் செய்த ஜெபத்தைக் கேட்டார். எபிரெயர் 11ஆம் அதிகாரத்தில், விசுவாச வீரரின் வரிசையில் அவனுடைய பெயரும் இருக்கிறது.

ஆனால் உயிரோடிருக்கும்போதே வீடு திரும்புவது எவ்வளவு நலம்! இயேசு சொன்ன உவமையில் இளைய குமாரன் எழுந்து தகப்பனிடத்தில் வந்து, செய்ததைத் தன் வாயால் சொன்னான். தூரத்தில் கண்டபோதே தகப்பன் ஓடிவந்தார். நமது பரம பிதாவும் அப்படிப்பட்டவரே.

ஆகவே இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். பிள்ளைகள், இதுவரை சொல்லாத ஒன்றை, அது சிங்கமானாலும் தேனானாலும், வீட்டில் சொல்லுங்கள். பெற்றோர், உங்கள் நாளில் நடந்த ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பின்பு சேர்ந்து முழங்காற்படியிட்டு இரண்டையும் ஆண்டவருக்குச் சொல்லுங்கள். சபையின் அடுத்த ஆண்டு நம் வீடுகளில் அப்படித் தொடங்கட்டும்.

கர்த்தர் உங்கள் யாவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.