எண்ணெய் தின்னும் நுண்ணுயிர்



மும்பை செம்பூரை அடுத்த மாஹுலில் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் உள்ளன. தாராவியில் பழைய டப்பாக்களையும் பீப்பாய்களையும் சுத்தம் செய்யும் பட்டறைகள் உள்ளன. எண்ணெய் புழங்கும் இடத்தில் அது சிந்தவும் செய்யும். எண்ணெய் ஊறிய மண்ணில் செடி வளராது. நிலத்தடி நீரும் கெடும்.

இதற்கு மருந்து மண்ணிலேயே உண்டு. எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணில் வாழ்கின்றன. அவை கண்ணுக்குத் தெரியாது. எண்ணெயைத் தின்று, கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றும்.

டெல்லியிலுள்ள டெரி ஆய்வு நிறுவனம் இப்படிப்பட்ட நுண்ணுயிர்களைத் தேர்ந்தெடுத்து வளர்த்தது. மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிரைத் தூளாக்கி, அதில் அவற்றைக் கலந்தது. அந்தத் தூளின் பெயர் ஆயில்சாப்பர். 2010 ஆகஸ்ட் 7 அன்று மும்பைத் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதின. நூற்றுக்கணக்கான டன் எண்ணெய் கடலில் கொட்டியது. கரை ஒதுங்கிய எண்ணெயை நீக்க இந்தத் தூளும் பயன்பட்டது.

தூளைத் தூவினால் மட்டும் போதுமா? போதாது. நுண்ணுயிருக்குக் காற்று வேண்டும். அதனால் மண்ணைக் கிளறிவிட வேண்டும். ஈரம் வேண்டும். அதனால் தண்ணீர் தெளிக்க வேண்டும். தழைச்சத்தும் மணிச்சத்தும் வேண்டும். அதனால் உரம் இட வேண்டும். இவை கிடைத்தால் வேலை விரைவாக நடக்கும். அப்போதும் பல மாதங்கள் ஆகும். கழிவு எண்ணெயில் ஈயம் கலந்திருந்தால், அதை நுண்ணுயிரால் அழிக்க முடியாது.

ஆகவே, கழிவு எண்ணெயை மண்ணில் ஊற்ற வேண்டாம். சாக்கடையிலும் ஊற்ற வேண்டாம். டப்பாவில் சேர்த்து வையுங்கள். அரசிடம் பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைக்கு அனுப்புங்கள். அது நம் குழந்தைகள் விளையாடும் மண்.